வேனுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும்

எங்கள் வேனின் கூரையில் 445 வாட் பேனல்கள் இரண்டு இருக்கின்றன. உள்ளே கட்டிலுக்கு அடியில் 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. இதை வைத்துத்தான் நானும் என் மனைவியும் வாரத்தில் பாதி நாளுக்கு மேல் குடும்பம் நடத்துகிறோம். தறிகளின் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிபார்ப்பது என் தொழில். ரேபியர் தறியின் கன்ட்ரோல் போர்டு, எலக்ட்ரானிக் ஜக்கார்டு, ஊடை ஃபீடர், இவைதான் பெரும்பாலும் கைக்கு வரும். சோமனூர், பல்லடம், வெள்ளகோவில், சென்னிமலை, குமாரபாளையம், கரூர் என்று போன இடத்திலேயே தங்க வேண்டியிருக்கும். பையன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாக இருக்க மனைவிக்குப் பிடிக்கவில்லை. லாட்ஜுக்குக் கொடுக்கிற காசும் கொஞ்சநஞ்சமில்லை. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, கட்டில், சமையல் மேடை, எனக்கு ஒரு சால்டரிங் மேசை என்று உள்ளே எல்லாம் செய்துகொண்டோம். இப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்டுங்க?" என்றுதான். வாட் கணக்கு ஒரு சாயங்காலத்தில் போட்டு முடிக்கிற வேலை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் தினமும் யோசிக்க வேண்டியது. சித்திரை மாதத்தில் கரூரிலோ ஈரோட்டிலோ வேனை வெட்டவெளியில் நிறுத்தினால் பேட்டரி மதியத்துக்குள் நிரம்பிவிடும், உள்ளே ஆள் உட்கார முடியாது. புளியமரத்தடியில் நிறுத்தினால் நமக்குச் சுகம், பேட்டரிக்குப் பட்டினி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்த கதைதான் இது.

முதலில் செலவுக் கணக்கு. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் அளவில் எடுக்கும். கோடையில் பாதி நேரத்துக்கு மேல் ஓடுவதால் ஒரு நாளைக்கு 0.7 யூனிட் அதற்கே போகிறது. குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 28 வாட். ராத்திரி முழுக்க ஓடினால் அரை யூனிட். லேப்டாப், சால்டரிங் ஸ்டேஷன், ஆசிலோஸ்கோப் சேர்ந்து 0.4. விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 0.1. அரிசி குக்கர், கிரைண்டர், மிக்ஸி, டீ போடும் இண்டக்‌ஷன் அடுப்பு, இவற்றுக்கு 0.7. கூட்டினால் 2.4 யூனிட். பேட்டரியில் இருப்பதே 2.56 யூனிட்தான், அதிலும் அடிவரை வழித்தெடுக்கக் கூடாது. ஆக, பகல் செலவைப் பகல் வெயிலே பார்த்துக்கொள்ள வேண்டும், பேட்டரி ராத்திரிக்கு மட்டும் என்பதுதான் ஏற்பாடு. ராத்திரிச் செலவு ஒன்றே கால் யூனிட்டைத் தாண்டுவதில்லை.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியை வைத்திருந்தால் விலை குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் ஒன்றே 50 கிலோவுக்கு மேல். 24 வோல்ட்டுக்கு இரண்டு வேண்டும், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் எட்டைச் சேர்த்த என் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கலாம். ஓடுகிற வண்டியில் ஆசிட் தளும்பும் கவலையும் இல்லை. 12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் என்று போனதற்குக் காரணம் ஒயர். 2000 வாட் இன்வெர்ட்டர் முழு பாரத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 24 வோல்ட் என்றால் 90 ஆம்பியர்தான். ஆம்பியர் பாதியானால் ஒயரின் தடிமனும் குறையும், ஒயர் முனையில் மாட்டும் லக்கில் சூடும் குறையும். என்னிடம் இருப்பது 35 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது இருந்தும் பிரயோசனமில்லை.

கூரை மேல்

பேனல் ஒன்றின் நீளம் இரண்டு மீட்டரும் கொஞ்சமும், அகலம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். வேனின் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்திருக்கிறோம். பட்டறை மேஸ்திரி பஸ் கேரியருக்கு வைப்பது போலவே உள்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு, அதன் மேல் அலுமினியச் சட்டம் வைத்துக் கொடுத்தார். வெறும் தகரத்தில் ரிவெட் அடித்து நிறுத்துவது இந்தத் தொழிலில் நிறையப் பேர் செய்வதுதான். அவர் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. "ஏனுங், அறுவது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடியில பூந்து தூக்குமுங். தகரம் கிழிஞ்சு பின்னால வர்றவன் மேல உழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். பேனல் இரண்டும் சேர்ந்து 48 கிலோ வரும். அவர் சொன்னது சரிதான்.

கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடைவெளி. பேனலின் அடியில் காற்று போக வேண்டும் என்பதற்காக விட்டது. அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. பேனல் மூடிய இடத்தில் கூரைத் தகரத்தில் வெயிலே படுவதில்லை. மத்தியானம் உள்ளே இருந்து கூரையைத் தொட்டுப் பார்த்தால், டிரைவர் சீட்டுக்கு மேலே சுடும், கட்டிலுக்கு மேலே வெதுவெதுப்புதான்.

எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டு மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்ப்பது வழக்கம். வேனுக்கு அது பொருந்தாது. வண்டி எந்தத் திசையில் நிற்கும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அதோடு கொங்குப் பக்கம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் மத்தியானச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதம் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். தெற்கே சாய்த்து வைத்தால் அந்த மாதங்களில் நஷ்டம்தான். படுக்கையாக வைப்பது நம் ஊருக்கு நன்றாகவே ஒத்துவரும். மார்கழியில் மட்டும் கொஞ்சம் இழப்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு பேனலையும் சீரியலாகச் சேர்ப்பதா, பேரலலாகச் சேர்ப்பதா என்பதில் எனக்கும் பேனல் விற்ற கடைக்காரருக்கும் வாக்குவாதம். சீரியல் என்றால் ஒயர் மெல்லிசாகப் போதும் என்றார். பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது பாரம் எதுவும் இல்லாதபோது காட்டுவது, 49. இரண்டு சேர்ந்தால் 98. பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் என் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் தாங்குவது 100 வோல்ட். 98 என்பது 25 டிகிரி வெப்பத்தில் சொல்லும் கணக்கு. குளிரக் குளிர பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில். தை மாதக் காலையில் வால்பாறையில் 15 டிகிரியில் சூரியன் உதித்தால் 100ஐத் தாண்டிவிடும், கன்ட்ரோலர் போய்விடும். எனவே பேரலல். நிழல் விஷயத்திலும் பேரலல்தான் உசிதம். ஒரு பேனல் நிழலில் மாட்டினாலும் இன்னொன்று தன்பாட்டுக்கு ஓடும். ஒயர் 6 ஸ்கொயர் எம்.எம். சோலார் கேபிள். இரண்டே பேனல் பேரலல் என்றால் தனித்தனி ஃபியூஸ் அவசியமில்லை, மூன்றாவது சேர்த்தால் அவசியம்.

890 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது நம் வெயிலில் வராது. பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும், டிகிரிக்கு 0.35 சதவீதம். பங்குனி மத்தியானத்தில் கண்ணாடி 65 டிகிரி சுடும்போது 14 சதவீதம் அதிலேயே போய்விடும். நான் வழக்கமாகப் பார்க்கிற உச்சம் 700 வாட், அதாவது பேட்டரிப் பக்கம் 26 ஆம்பியர். வெயில் கொளுத்துகிற மதியத்தை விட, மழை பெய்து வெளுத்த காலையில் மேகத்துக்கு நடுவில் சூரியன் எட்டிப்பார்க்கும் சில நிமிஷங்களில்தான் 800ஐத் தாண்டும்.

மரத்துக்குக் கிழக்கே

இப்போது நிழலுக்கு வருகிறேன். பேனலின் ஒரு மூலையில் தென்னை ஓலை நிழல் விழுந்தால் அந்த மூலை மட்டும்தானே போகும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. செல்கள் எல்லாம் சரமாகக் கோத்திருப்பதால் ஒரு செல் மறைந்தாலும் அந்தச் சரமே படுத்துவிடும். என்னிடம் இருப்பது ஹாஃப்-கட் பேனல், அதாவது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி எனத் தனியாக வேலை செய்யும். நிழல் ஒரு பாதிக்குள் இருந்தால் பேனல் பாதி கொடுக்கும். நடுக்கோட்டைத் தாண்டி ஒரே சரத்தின் இரண்டு பக்கத்தையும் தொட்டால், கரண்டு அந்தச் சரத்தைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் டையோடு வழியாகப் போகும், மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் கழன்றுவிடும். மீதி 27 வோல்ட். பேட்டரியே 27 வோல்ட்டில் இருக்கும்போது அது எப்படி உள்ளே போகும்? அந்தப் பேனல் கணக்கில் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் தென்னந்தோப்புக்குள் நாங்கள் வண்டியை விடுவதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் போனால் தோப்புக்காரர்கள் அன்பாக உள்ளே கூப்பிடுவார்கள். ஓலை நிழல் ஆடிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலர் ஆம்பியர் ஏறி இறங்கித் தடுமாறும். அதைவிடப் பெரிய பயம் மட்டையும் நெற்றும். பேனலின் மேல்கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் கனம்தான், தேங்காய்க்குத் தாங்காது.

காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) ஓரம் நிறுத்துவதும் இதே கதைதான். வெள்வேல மரத்தின் நிழல் மனுசனுக்கும் மாட்டுக்கும் பத்தாத நிழல், சல்லடையாக விழும். பேனலுக்கோ அது முழு நிழல். நமக்கும் சுகமில்லை, பேட்டரிக்கும் இல்லை.

கண்டுபிடித்த வழி சாதாரணமானது. மரம் மேற்கே இருக்க, வண்டி கிழக்கே நிற்க வேண்டும். மூக்கு மேற்கே பார்க்க வேண்டும். காலையிலிருந்து வெயில் தடையில்லாமல் பேனலில் விழும். நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கல்ல, பொதுவாக 12.20ஐ ஒட்டித்தான். எங்கள் பேட்டரி நல்ல வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு மணிக்குள் நிரம்பிவிடும். இரண்டரை மணிக்கு மேல் மரத்தின் நிழல் மெதுவாக வண்டியின் மேல் ஏறும். முன்கண்ணாடி மேற்கே பார்ப்பதால் நிழல் முதலில் விழுவது அதில்தான். வேனுக்குள் சூடு ஏறுவதற்கு அந்தக் கண்ணாடியைப் போல வேறு எதுவும் காரணமில்லை. நான்கு மணிக்கு வண்டி முழுக்க நிழலில் இருக்கும். பேட்டரிக்கும் அப்போது வேலை முடிந்திருக்கும். வேப்பமரமோ புளியமரமோ தனி மரமாக இருந்தால் தோதாக இருக்கும். தறிக் குடோன் சுவரானாலும் சரி.

இதை விளக்கப் போனால் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். முத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் மாடு கட்டும் கட்டுத்தரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தார். "ஏனுங் தம்பி, அத்தாச்சோட்டு மரம் இருக்குது, அதை உட்டுப்போட்டு வெயில்ல நிறுத்தியிருக்கறீங்?"

"கரண்டுக்குங்க. மத்தியானத்துக்கு மேல நெழல் இங்க வந்துருமுங்க."

அவர் மரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "அப்ப இன்னும் ரெண்டு அடி வடக்க தள்ளி நிறுத்துங். இது சித்திரை. நெழல் தெக்க சாயும், நேரா வராதுங்" என்றார். தள்ளி நிறுத்தப் போனேன், அவரே திருத்தினார்: "வடக்க இல்லீங், தெக்க. நானும் ஒளறிப்போட்டன்." மாட்டை நிழலுக்கு மாற்றி மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இது போன் ஆப், மீட்டர் எதுவும் இல்லாமலே தெரிகிறது.

மரமே வேண்டாம், வெயில் மட்டும் போதும் என்கிற நாள்களில் எங்களுக்குப் பிடித்த இடம் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொப்பரைக் களம். கண்ணுக்கெட்டிய தூரம் சிமென்ட் தளம், ஒரு செடி நிழல் கிடையாது. தெரிந்த களத்துக்காரர் ஒருவரிடம் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "வெயில் என்னுங் உங்களுக்குத் தனியா எனக்குத் தனியாவா வருது? நிறுத்திக்கங்" என்றார். அவரும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொப்பரையைப் பரப்புகிறார்.

பகல் சமையல்

பதினொன்று மணிக்கு மேல் ஆம்பியர் இருபதைத் தாண்டினால் வீட்டில் வேலை ஆரம்பம். "ஏனுங், இருவத்திரண்டு காட்டுது. மாவு ஆட்டலாமுங்களா?" என்பாள் மனைவி. போனில் கன்ட்ரோலரின் ஆப்பை என்னை விட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், கோயம்புத்தூர்ச் சரக்கு, 150 வாட்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும்போது ஒரு விநாடி அதுபோல் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். சைன்வேவ் இன்வெர்ட்டர் என்பதால் மோட்டார் இரைச்சலும் சூடும் இல்லாமல் ஓடுகிறது. மலிவான ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் அதே கிரைண்டர் உறுமும்.

மாவு ஆட்டி முடிந்ததும் குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம். 700 வாட் குக்கர் அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும். நல்ல வெயில் இருக்கும்போது பெரும்பகுதியைப் பேனலே கொடுத்துவிடும், பேட்டரியில் அதிகம் கை வைக்காது. கிரைண்டரும் குக்கரும் ஒரே நேரத்தில் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் தாங்கும், ஆனால் மிச்சத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டிவரும். பேட்டரி நிரம்பி, வெயில் இன்னும் பாக்கி இருந்தால் சால்டரிங் வேலையெல்லாம் அப்போது. இல்லாவிட்டால் கன்ட்ரோலர் பேனலைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கும், அந்த வெயில் யாருக்கும் இல்லாமல் போகும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இன்வெர்ட்டர் ஆஃப். சும்மா இருந்தாலே அது 20 வாட்டுக்கு மேல் தின்னும், விடிய விடிய விட்டால் கால் யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் நேரடியாக டி.சி.யில் ஓடும்படி செய்ததற்கு இதுதான் காரணம். கட்டில் தலைமாட்டிலேயே இன்வெர்ட்டருக்கு ஒரு ரிமோட் சுவிட்ச் வைத்திருக்கிறோம்.

பாதியாகக் குறைந்த ஆம்பியர்

ஒரு மாசி மாதம். பளிச்சென்ற வானம், மரம் இல்லை, மேகம் இல்லை. 26 வர வேண்டிய இடத்தில் 13 ஆம்பியர்தான். மறுநாள் சரியாக இருந்தது. அதற்கு அடுத்து கரடுமுரடான ரோட்டில் போய் நின்றதும் மறுபடியும் 13. இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் பிடிப்பதற்குக் கஷ்டம். தறி போர்டிலும் அப்படித்தான்.

கரெக்டாகப் பாதி என்பதால் ஒரு பேனல் மட்டும் வேலை செய்கிறது என்பது தெளிவு. மேலே ஏறி இரண்டையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்த்தேன். இரண்டிலும் 44 வோல்ட், சூட்டுக்கு அது சரியான அளவு. இதோடு நிறுத்திவிட்டு "பேனல் ரெண்டும் நல்லாருக்குது, கன்ட்ரோலர்தான் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பாரம் இல்லாமல் பார்க்கிற வோல்டேஜில் மோசமான ஜாயிண்ட் தெரியாது. மீட்டர் எடுக்கிற கரண்டு அவ்வளவு சொற்பம். ஓடும்போது ஆம்பியர் பார்க்க வேண்டும். அதற்கு டி.சி. அளக்கிற கிளாம்ப் மீட்டர் வேண்டும், எலக்ட்ரீஷியன்கள் சாதாரணமாக வைத்திருப்பது ஏ.சி. மட்டும்தான் காட்டும். முன்பேனல் 9.4 ஆம்பியர், பின்பேனல் 0.7.

பின்பேனல் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். இரண்டு பேனலும் சேரும் ஒய் கனெக்டரில் கை வைக்க முடியவில்லை.

ஓடுகிற டி.சி. லைனில், சோலார் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. 40 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம், பத்து ஆம்பியர் டி.சி. பிரியும்போது நெருப்பு இழுத்துக்கொண்டு வரும், பின் கருகும். முதலில் கீழே பேனல் சுவிட்சை ஆஃப் செய்தேன். அப்புறம் இரண்டு பேனல் மேலும் பவானி ஜமுக்காளத்தைப் போட்டு மூடினோம். கல்யாணத்துக்கு விரிக்கிற கனமான ஜமுக்காளம், வேனில் எப்போதும் இருக்கும். துணி மெல்லிசாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகும், வோல்டேஜ் இறங்காது. ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்ட பிறகுதான் மல்டிமீட்டரில் வோல்டேஜ் இறங்கியது.

கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் கறுத்து இருந்தது. ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், பின்னை விட்டுக் கையோடு வந்துவிட்டது. பேனல் மாட்டிக் கொடுத்த கடையின் ஆள், ஒயரைப் பின்னோடு அழுத்திப் பிடிக்கும் கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரில் நசுக்கியிருக்கிறார். அதோடு ஆண் கனெக்டர் ஒரு கம்பெனி, பெண் கனெக்டர் வேறு கம்பெனி. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகத்தின் அளவிலும் பூச்சிலும் வித்தியாசம் உண்டு. குலுங்கக் குலுங்க தொடுகிற இடம் குறையும், சூடாகும், சூட்டில் இன்னும் தளரும்.

கருகிய பகுதியைத் தாண்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை ஒயரை வெட்டினேன். ஒரே கம்பெனியின் ஜோடிகளாக வாங்கி, எம்.சி.4க்கான கிரிம்பிங் டூலில் அழுத்தி, ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பார்த்த பிறகே உறையில் தள்ளினேன். ஒய் கனெக்டர் புதிது. பழையது கூரைத் தகரத்தின் மேலேயே கிடந்தது, மழைத் தண்ணீரில் ஊறிக்கொண்டு. புதிதைச் சட்டத்தின் அடியில் தூக்கிக் கட்டி, ஒயரில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டேன், தண்ணீர் வழிந்தால் அங்கே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. ஜமுக்காளத்தை எடுத்ததும் 25.8 ஆம்பியர்.

அந்த மத்தியானமே மற்ற ஜாயிண்டுகளையும் பார்த்தேன். பேட்டரியின் செல்களை இணைக்கும் பட்டைகளில் ஒன்றிரண்டு நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. செல்லின் திருகு அலுமினியத்தில் இருப்பதால் பலம் காட்டி முறுக்கவும் கூடாது, மரை போய்விடும், செல்லே வீண். முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கினேன். கெட்டியான செம்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பின்னல் பட்டைகளைப் போட்டேன். வண்டி குலுங்கும்போது செல்லுக்குச் செல் சின்ன அசைவு இருக்கும், பட்டை வளையாவிட்டால் அந்த இழுவை முழுக்க திருகில்தான் விழும். முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் வாஷருக்கும் குறுக்கே மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். நாமக்கல் லாரி டிரைவர்கள் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவது போல, ஊர் மாறும் முன் கட்டிலைத் தூக்கி அந்தக் கோடுகளை ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

பஞ்சு, உப்பு, மயில்

பொதுவாகத் தூசி என்று சொல்வார்கள். எங்கள் தொழிலில் அது பஞ்சு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் குடோன் வாசலில் ஒரு ராத்திரி நின்றால், பறக்கிற பஞ்சு பனியில் நனைந்து பேனலில் ஒட்டி, வெயிலில் காய்ந்து பாலாடையாக நிற்கும். காற்றில் போகாது. இன்வெர்ட்டரின் ஃபேனும் அதை இழுத்து உள்ளே அடைத்துக்கொள்ளும். காற்று புகும் வாயில் பழைய சேலைத் துணியில் ஒரு ஃபில்டர் தைத்து மாட்டியிருக்கிறோம், கழற்றி உதறி மாட்டலாம்.

கழுவுவது காலை ஆறரைக்குள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரும் முக்கியம். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அழுக்கை விட மோசமாக நிற்கும். கோவையில் நிற்கும்போது சிறுவாணித் தண்ணீர் ஒரு கேன் பிடித்து இதற்கென்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பேனலுக்கு ஐந்து லிட்டர் போதும், மெல்லிய துணி, சோப்பு வேண்டாம்.

மயில்தான் தீராத தொல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் விடிந்தால் கூரை மேல் நின்று அகவுகிறது. அதன் எச்சம் சின்னதாக இருக்காது. அப்படியே விட்டால் அடியில் இருக்கும் செல் மறைந்து, மற்ற செல்களின் கரண்டு அதில் சூடாக இறங்கும். நாளாக நாளாக அந்த இடம் கருகிவிடும். ஆழியாறு பக்கம் போனால் குரங்கு, ஒயரைப் பிடித்து இழுக்கும். கூரை மேல் போகும் ஒயர் முழுவதும் இப்போது கெட்டியான குழாய்க்குள் போகிறது.

ஆடியும் ஐப்பசியும்

மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் தாராளமாக எடுக்கலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தால் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் மழை பெரிதாக இருக்காது, வெயிலும் நிலைக்காது. இரண்டு யூனிட் வந்தால் நல்ல நாள். கணவாய்க்கு அருகில் பொள்ளாச்சி, ஆனைமலை என்றால் ஒன்றுகூடச் சில நாள் தேறாது. அந்த நாள்களில் குக்கரும் இண்டக்‌ஷனும் உள்ளே போய்விடும், கேஸ் அடுப்பு வெளியே வரும்.

சுற்றிலும் காற்றாலை சுழல்வதைப் பார்த்துவிட்டு, "வேன் மேல சின்னதா ஒரு காத்தாடி வெச்சா என்னுங்?" என்று கேட்காத ஆளில்லை. கூரை உயரத்தில், வீடும் மரமும் கலைத்த காற்றில் அந்தச் சின்னக் காற்றாடி பெட்டியில் போட்டிருக்கும் வாட்டில் சொற்பம்தான் தரும். ராத்திரி முழுக்க வேன் அதிரும். அந்தக் காசுக்கு இன்னொரு பேனல் வாங்கலாம்.

ஐப்பசி மழைதான் உண்மையான சோதனை. வானம் மூடிக்கொண்டால் நாள்கணக்கில் திறக்காது. அதற்கு வண்டியின் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்திருக்கிறேன். 12 வோல்ட்டை ஏற்றி 27 வோல்ட்டில் 15 ஆம்பியர் கொடுக்கும், மணிக்கு 0.4 யூனிட். கோவையிலிருந்து கரூர் போய்ச் சேருவதற்குள் ஒரு யூனிட் ஏறிவிடும், ராத்திரிக்கு அது போதும். இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி ரிலே போட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரிக்குச் சூடும் ஆகாது. 45 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் லித்தியத்தின் ஆயுசு குறையும். கத்திரி வெயிலில் கட்டிலுக்கு அடியில் அந்த அளவு எளிதில் வரும். பெட்டியின் இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து, 38 டிகிரியில் ஓடும்படி ஒரு சின்ன போர்டு செய்து மாட்டினேன். சார்ஜ் வோல்டேஜையும் 29.2 வரை ஏற்றாமல் 28.2லேயே நிறுத்தியிருக்கிறேன். கொள்ளளவில் இழப்பு பெயருக்குத்தான், செல்லுக்குப் பாரம் குறையும்.

மார்கழி இழப்பைச் சொல்கிறேன் என்றேன். டிசம்பர் கடைசியில் மத்தியானச் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும், படுக்கையான பேனலுக்கு அதனால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு போகும். பனி மூட்டம் வேறு. அதற்காகப் பேனல் சட்டத்தின் ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் முட்டுக் கொடுக்கும்படி மேஸ்திரியிடம் போய் மாற்றிக்கொண்டோம். வண்டியைக் கிழமேற்காக நிறுத்தி, வடக்குப் பக்கத்தைத் தூக்கினால் பேனல் தெற்கே பார்க்கும். மத்தியானம் மூன்று ஆம்பியர் கூடக் கிடைக்கிறது. ஆடிக் காற்றில் இதைச் செய்யவே கூடாது, கப்பல் பாய் போல ஆகிவிடும். தூக்கிய பேனலோடு வண்டியை எடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது என்பதால், முட்டுக்கு அடியில் ஒரு லிமிட் சுவிட்ச், சாவி லைனில் ஒரு பஸ்ஸர். பேனல் முழுக்க இறங்கிப் பூட்டாமல் சாவி போட்டால் கத்தும். தறியில் இழை அறுந்தால் கத்துகிற பஸ்ஸர்தான், கையில் இருந்ததை மாட்டினேன். அந்தச் சத்தம் காதைத் துளைக்கிறது, வேறு மாட்டுங்க என்று வீட்டில் உத்தரவு. அடுத்த தடவை கோவை போகும்போது மாற்ற வேண்டும்.